சிம்னி ஃபில்டரும் காஸ்டிக் சோடாவும்: ஆசிட்டுக்குப் பயப்படும் நாம் காரத்தை ஏன் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை காலை. வாடகை ஃபிளாட்டின் கிச்சன் சிம்னியில் எண்ணெய் சொட்டத் தொடங்கிவிட்டது. யூடியூபில் தேடுகிறீர்கள். பெரிய டப்பில் கொதிக்கும் தண்ணீர், அதில் ஒரு பாக்கெட் காஸ்டிக் சோடா, ஃபில்டரை அரை மணி நேரம் ஊறப்போட்டால் புதுசு போல ஆகிவிடும் என்கிறது வீடியோ.

ஆகத்தான் செய்யும். ஆனால் அந்தத் தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கை என்ன செய்கிறதோ, அதையேதான் உங்கள் கையையும் கண்ணையும் செய்யும். வீடியோவில் இருப்பவர் வெறும் கையோடு ஃபில்டரைத் தூக்கிக் காட்டினால், அவர் சொல்லும் மற்ற விஷயங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

சிங்க் அடைப்பை நீக்கும் பவுடர், ஹோட்டல் கிச்சன்களில் பயன்படும் டிகிரீசர், அவன் கிளீனர், 5 லிட்டர் கேனில் வரும் சில ஃப்ளோர் கிளீனர் கான்சன்ட்ரேட்டுகள் என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும், பலவற்றில் உள்ளே வேலை செய்வது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்தான்: சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பள்ளியில் 'காரம்' என்று படித்தோமே, அதன் வலுவான வடிவம். (மிளகாய்க் காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மிளகாய் நாக்கில் பட்ட நொடியே கத்தவைக்கும். இது அப்படி முன்கூட்டியே எச்சரிக்காது.)

உங்கள் கொழுப்பிலேயே சோப்பு

பாட்டி காலத்தில் சோப்பை 'சவுக்காரம்' என்பார்கள். பெயரிலேயே காரம் இருக்கிறது. எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்ந்தால் சோப்பு. சோப்புத் தயாரிப்பின் அடிப்படையே இதுதான். சிம்னி ஃபில்டரில் நடப்பதும் அதுதான்: பழைய எண்ணெய் சோப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடுகிறது.

இப்போது கரைசல் கையில் பட்டால் வழுவழுவென்று இருக்கும். சோப்புத் தண்ணிதானே என்று தோன்றும். அந்த வழுவழுப்பில் உங்கள் தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதும் சேர்ந்திருக்கிறது.

ஆசிட் பட்டால் திசுக்களில் உள்ள புரதம் உறைந்து, மேலே ஒரு தடித்த அடுக்கு உருவாகும். அதுவும் மோசமான காயம்தான். ஆனால் அந்த அடுக்கு, ஆசிட் மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரத்துக்கு அப்படி ஒரு தடை கிடையாது. கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, வழி செய்துகொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மருத்துவர்கள் இதைத் 'திரவமாகும் திசு அழிவு' என்று வகைப்படுத்துகிறார்கள். தோலில் பட்டவுடன் பெரிய வலி இல்லாமலும் போகலாம். வலி வரும்போது காயம் ஏற்கெனவே ஆழமாகியிருக்கும்.

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போய் வாய் வெந்த அனுபவம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கும். நீற்றிய சுண்ணாம்பும் காரம்தான், பிஎச் 12.4 அளவில். காஸ்டிக் சோடா அதைவிடப் பல மடங்கு வலுவானது.

ஆசிட் என்றாலே நமக்கு ஒரு பயம் இருக்கிறது. ஆசிட் வீச்சு வழக்குகள், கடைகளில் ஆசிட் விற்பதற்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகள் எல்லாம் அந்தப் பயத்தை மனதில் பதியவைத்தன. 'சோடா' என்ற சொல்லுக்கோ கோலிசோடா, சமையல் சோடா என்று வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு முகம். சமையல் சோடாவின் பிஎச் சுமார் 8.3 தான். பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது.

'நிறையத் தண்ணி கலந்துட்டேனே?'

இங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. பிஎச் அளவுகோல் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 100 கிராம் காஸ்டிக் சோடாவை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 2 சதவீதக் கரைசல். பார்வைக்கு வெறும் தண்ணீர். அதன் பிஎச் சுமார் 13.7. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரசாயன வகைப்பாட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு 2 சதவீதம் இருந்தாலே 'தோலை அரிக்கும்' பிரிவுக்குள் வந்துவிடும். 0.5 சதவீதத்திலிருந்தே எரிச்சலூட்டும் பொருள்.

இந்த டப்புத் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் பிஎச் 12.7 ஆகும். இன்னொரு பத்து மடங்குக்கு 11.7. கைக்குப் பெரிய தொந்தரவு தராத 10-க்கு இறக்க வேண்டுமென்றால் சுமார் 5,000 மடங்கு தண்ணீர் வேண்டும். அதாவது, தெறித்த ஒரு மில்லி லிட்டருக்கு 5 லிட்டர். 'கொஞ்சம் தண்ணி விட்டுத் துடைச்சுக்கிட்டேன்' என்பது ஏன் போதாது என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்தது சூடு. காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போதே வெப்பத்தை வெளிவிடும். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீரில் 50 கிராம் கொட்டினால், கணக்குப்படி 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் டம்ளரில் இருப்பது 80 டிகிரியைத் தாண்டிய காரக் கரைசல். அதனால்தான், கரைசல் தயாரிக்கும்போது எப்போதும் தண்ணீரில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பவுடர் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்தச் சூடு முழுக்க ஒரே இடத்தில் சேர்ந்து, கொதித்து முகத்தில் தெறிக்கும். கொதிக்கும் தண்ணீரில் போடச் சொல்லும் வீடியோவை மூடிவிடுங்கள். சிங்க் அடைப்புப் பவுடர்களுக்கு மட்டும் பாக்கெட்டில் உள்ள வரிசை வேறாக இருக்கலாம்; அதில் அச்சிட்டிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள், பவுடர் போட்டதும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்னிக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. பல பழைய மாடல்களில் வலைபோல இருக்கும் ஃபில்டர் அலுமினியத்தால் ஆனது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். எளிதில் தீப்பற்றும் வாயு அது, அதுவும் பக்கத்தில் கேஸ் ஸ்டவ். சில அடைப்பு நீக்கும் பவுடர்களில் அலுமினியத் துகள்களை வேண்டுமென்றே கலந்திருப்பார்கள். குழாய்க்குள் சூடும் குமிழியும் கிளம்பட்டும் என்பதற்காக. உங்கள் ஃபில்டரில் காந்தம் ஒட்டினால் அது அலுமினியம் இல்லை. ஒட்டாவிட்டால் முடிவுக்கு வர முடியாது, சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. அப்போது மாடல் கையேட்டைப் பாருங்கள். அலுமினியம் என்றால் பாத்திரம் கழுவும் லிக்விடும் சுடுதண்ணீரும் போதும், நேரம்தான் கூட ஆகும்.

கண்ணில் பட்டால் முதல் அரை மணி நேரம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால், இதை வையுங்கள்.

கண்ணில் பட்ட வலுவான காரம் கருவிழியைக் கடந்து கண்ணின் உட்பகுதியை எட்டுவதற்கு நிமிடங்களே போதும், சில சமயம் அதைவிடக் குறைவு. ஆஸ்பத்திரி எங்கே என்று மேப்பில் தேடும் நேரம்கூட அதிகம். உடனே குழாயைத் திறந்து, மிதமான வேகத்தில் ஓடும் தண்ணீரில் கண்ணைக் காட்டுங்கள். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்தால், வழியும் தண்ணீர் அடுத்த கண்ணுக்குப் போகாது. கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். இன்னொருவர் இமைகளைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுங்கள். குறைந்தது 30 நிமிடம். கடிகாரம் பார்த்து 30 நிமிடம். பதற்றத்தில் மூன்று நிமிடமே அரை மணி நேரம் போலத் தெரியும். அதன்பிறகுதான் ஆட்டோவோ கேபோ. எரிச்சல் அடங்கிவிட்டது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கருவிழியின் ஓரத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் அதன் மேற்பரப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவை. காரம் அவற்றை அழித்துவிட்டால் கருவிழி வெளுத்துப் பார்வை மங்கிவிடும். இதற்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள் 2012-ல் 'ஸ்லெட்' என்ற அறுவை சிகிச்சையை வெளியிட்டார்கள். நல்ல கண்ணிலிருந்து மிகச் சிறிய துணுக்கை எடுத்து, அதைப் பல துண்டுகளாக்கி, பாதித்த கண்ணில் பதித்து வளரவிடும் முறை. பெரிய சாதனைதான். ஆனால் துணுக்கு எடுக்க, நல்ல கண் ஒன்று மீதம் இருக்க வேண்டும். தெறிப்பு இரண்டு கண்ணையும் விட்டுவைக்காதபோது?

இந்தியாவில் குழந்தைகளுக்கு இந்தக் காயம் கிளீனரால் மட்டும் வருவதில்லை. பான், புகையிலையோடு விற்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்த, அது வெடித்துக் கண்ணில் பீய்ச்சிய சம்பவங்களை நம் கண் மருத்துவர்கள் பலமுறை ஆவணப்படுத்தியிருக்கிறார்கள்.

தோலில் பட்டால்: உலர்ந்த பவுடர் என்றால் முதலில் தட்டிவிடுங்கள், பிறகு ஓடும் தண்ணீர். நனைந்த துணியைக் கழற்றிவிடுங்கள். 'காரத்துக்கு எதிர் அமிலம்தானே' என்று எலுமிச்சையோ வினிகரோ தேய்க்கவே வேண்டாம். வேதியியல் சரி, வைத்தியம் தப்பு. அந்த வினையும் வெப்பத்தை வெளிவிடும், அதற்குள் கழுவும் நேரமும் போய்விடும்.

தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால்

5 லிட்டர் கேன் கனமாக இருக்கிறது என்று பழைய கூல்டிரிங்க் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி சிங்க்குக்கு அடியில் வைப்போம். வீட்டில் யாராவது தாகத்தில் அதைத் தூக்கிவிட்டால் ஒரு வாய் போதும். விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது; உணவுக்குழாயைச் சுட்டபடி இறங்கியது, மறுபடி அதே வழியில் சுட்டபடி ஏறும். உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். வாயைக் கொப்பளித்துத் துப்பவைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அந்த பாட்டிலையோ பாக்கெட்டையோ ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அன்றைக்குப் பிழைத்துவிட்டாலும் விஷயம் முடிவதில்லை. ஆறும் உணவுக்குழாய் சில வாரங்களில் தழும்பாகிச் சுருங்கலாம், சோறு இறங்காது. நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர் இப்படி வந்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, லேபிள் சட்டம் கேட்டுப் போராடினார். 1927-ல் அங்கே காஸ்டிக் விஷச் சட்டம் வந்தது, எச்சரிக்கை லேபிள் கட்டாயமானது. கூல்டிரிங்க் பாட்டிலுக்கு மாற்றும்போது அந்த லேபிளைத்தான் நாம் கிழித்துப் போடுகிறோம். வலுவான காரம் அந்த பாட்டில் பிளாஸ்டிக்கையும் மெல்ல மெல்ல அரிக்கும் என்பது கூடுதல் தகவல்.

கலப்பதிலும் கவனம். டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதைக் காஸ்டிக் பவுடர் போட்ட அதே டிரெயினில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு. முதல் கிளீனர் வேலை செய்யவில்லை என்றால் அடுத்ததை ஊற்றாதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள். என்ன ஊற்றினீர்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள், குழாயைக் கழற்றும்போது அது அவர் முகத்தில்தான் கொட்டும்.

யார் கை?

உண்மையைச் சொன்னால், இதைப் படிக்கும் நம்மில் பலர் இந்த கான்சன்ட்ரேட்டைத் தொடுவதே இல்லை. தொடுவது வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா, ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங் அண்ணன். கேனில் 'ஒன்றுக்கு இருபது' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அவருக்கோ 'நல்லா போகணும்' என்று மட்டும் சொல்லியிருப்போம். நன்றாகப் போக வேண்டும் என்று அவர் கலக்காமலே ஊற்றினால் அது இருபது மடங்கு.

ஆபீஸில் வாங்கும் பொருளுக்கு சேஃப்டி டேட்டா ஷீட் கேட்டு வாங்கலாம். 16 பகுதிகள் இருக்கும். 4-ஆவது முதலுதவி, 8-ஆவது பாதுகாப்புக் கவசம், 9-ஆவதில் பிஎச். நைட்ரைல் அல்லது தடித்த ரப்பர் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய காகிள்ஸ் இரண்டும் வேண்டும். பார்சல் கட்டும் பாலிதீன் கையுறை கணக்கில் வராது, மூக்குக்கண்ணாடியும் வராது. இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான். வேலைக்கு வருபவரின் சைஸுக்கு வாங்குங்கள். கலக்கும் அளவை அவர் படிக்கும் மொழியில் மார்க்கரால் கேன் மேலேயே எழுதிவிடுங்கள்.