வீடு வாங்குவோரும் வாடகைக்கு விடுவோரும்

உடன்குடி என்றவுடன் எவர்க்கும் நினைவுக்கு வருவது கருப்பட்டி. 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கருப்பட்டி வாங்க வருவோரையும், தசரா நாட்களில் குலசேகரன்பட்டினத்தில் கூடும் பெருங்கூட்டத்தையும் தவிர, வெளியூரார் இப்பக்கம் வந்து தங்குவதற்கு முன்பெல்லாம் பெரிய காரணம் இருந்ததில்லை. இன்று நிலைமை வேறு. கல்லாமொழியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அனல்மின் திட்டம். குலசேகரன்பட்டினத்தில் 2024 பெப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்ற ராக்கெட் ஏவுதளம். பொறியாளர்களும், வெல்டர்களும், வடமாநிலத் தொழிலாளர்களும் வீடு தேடி வருகின்றனர். வளைகுடா நாட்டிலோ மும்பையிலோ உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு மனை வாங்கி, இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என நம் குடும்பங்கள் பல எண்ணத் தொடங்கியிருப்பது இயல்பே. எண்ணம் நல்லது. ஆனால் வீட்டுச் சொந்தக்காரராக இருப்பதும் ஒரு தொழில் என்பதைப் பலர் அறியாமலே அதில் இறங்கிவிடுகின்றனர்.

முதலில் வாங்குவதைப் பார்ப்போம். வில்லங்கச் சான்று எடுத்தோம், ஒன்றுமில்லை, ஆகவே சொத்து சுத்தமானது என்று முடிவு கட்டுவோர் மிகப் பலர். வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும் கண்ணாடி. பதிவாகாத உயில், வாய்மொழியாகத் தரப்பட்ட குத்தகை, நீதிமன்றத்தில் தூங்கிக் கிடக்கும் பாகப்பிரிவினை வழக்கு ஆகியவை அதில் தெரியாமற் போகக்கூடும். ஆகவே குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் பார்ப்பதோடு, மூலப்பத்திரங்களின் அசலையும் கண்ணால் காண வேண்டும். நகல் மட்டும் காட்டி, அசல் உறவினர் வீட்டில் இருக்கிறது என்பாரானால், அந்த உறவினர் ஒரு வங்கியாகவோ வட்டிக்கடையாகவோ இருக்கலாம்! பட்டா யார் பெயரில் உள்ளது, புல எண்ணும் நான்கு எல்லைகளும் பத்திரத்தோடு ஒத்துப் போகின்றனவா என்பதையும் நிலத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இவை எல்லார்க்கும் பொது. நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் தனியே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் என்றும் மகள் என்றும் அதில் வேறுபாடு இல்லை. திருமணமாகிப் போன மகளுக்கும் பங்கு உண்டு. நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்பதால் அவள் உரிமை அற்றுப்போவதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். தகப்பனார் இறந்துவிட்டார். தாயும், இரு மகன்களும், இரு மகள்களும் இருக்கின்றனர். தாய்க்கு மூன்றில் ஒன்று. பிள்ளைகள் நால்வருக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. மகன்கள் இருவர் மட்டும் கையெழுத்திட்டு முழு வீட்டையும் கிரயம் செய்து கொடுத்தால், வாங்கியவருக்கு உண்மையில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கே. தாயும் சேர்ந்து கையெழுத்திட்டாலும் மூன்றில் இரண்டுதான். பத்தாண்டு கழித்து ஒரு சகோதரி வழக்குப் போட்டால், அவர் பேராசைக்காரி என்று ஊர் பேசும். சட்டம் அவ்வாறு பேசாது. 1986ஆம் ஆண்டில் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், பழைய திருவிதாங்கூர்ச் சட்டத்தைக் காட்டிப் பெண்மக்கள் பங்கைக் குறைக்கவும் வழியில்லாமற் போயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் இதனை நினைவிற் கொள்வது நலம்.

ஆதலால் வாங்குவோர் தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றைக் கேட்க வேண்டும். அதிலும் ஐயமிருப்பின் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்பதைக் காட்டிவிடும். சகோதரிகள் தங்கள் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பதாயின், அது பதிவு செய்யப்பெற்ற விடுதலைப் பத்திரமாக இருக்கட்டும். “அக்கா ஒன்றும் சொல்லமாட்டார்கள்” என்ற சொல்லை எந்தச் சார்பதிவாளரும் பதிவதில்லை. விற்பவர் இந்துவாகவோ இஸ்லாமியராகவோ இருப்பின், அவரவர் வாரிசு முறை வேறு. அதற்கேற்ப வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும்.

பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வீடு நம்முடையது என்று இருப்பவர்களும் உண்டு. அத்தகைய பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. முறையான கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு செலவாகும். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைகிறது. அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளைப் பதிவதற்கு 2016 முதல் தடை உள்ளது என்பதையும் மறக்கலாகாது.

இவ்வட்டாரத்துக்கே உரிய சில உண்டு. பனை நிற்கும் நிலமாயின், மரம் யாருக்குப் பாட்டம் விடப்பட்டுள்ளது என்று கேட்க வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டிலேயே அரசு அறிவித்துள்ளது. மணப்பாடு போன்ற கரையோர ஊர்களில் மனை வாங்குவோர் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பார்த்தே கட்ட வேண்டும். கிணற்று நீரை, மழைக்காலத்தில் அன்று, மே மாதத்தில் வாயில் வைத்துப் பாருங்கள். கடல்நீர் உட்புகுந்த நிலத்தில் கட்டிய வீட்டுக்குக் குடியிருப்போர் வருவர், நிலைப்பதில்லை.

இனி, வாடகைக்கு விடுவது. குடிவருவோரைப் பற்றி அறிய வேண்டியவை சிலவே: என்ன தொழில், ஊதியம் எங்கிருந்து வருகிறது, எத்தனை பேர் தங்குவர், முன்பிருந்த வீட்டை ஏன் விட்டனர். ஆதார் நகலையும், வேலை கொடுத்தவரின் கடிதத்தையும் வாங்கி வைக்கலாம். முந்தைய வீட்டுக்காரரிடம் ஒரு முறை பேசிவிட்டால் பத்துக் கேள்விகள் மிச்சமாகும். ஒப்பந்தக்காரர் நாலு பேர் என்று சொல்லிவிட்டுப் பதினான்கு பேரைக் குடியமர்த்துவது நடக்கக்கூடியதே. எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆனால் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பதும், “எங்கள் ஆட்களுக்கு மட்டும்” என்பதும் குடியிருப்போரைத் தேர்ந்தெடுக்கும் முறையன்று. வாடகை ஒழுங்காக வருவதற்கும் சாதிக்கும் தொடர்பில்லை. இந்தி பேசுகிறான் என்பதற்காக வீடு மறுக்கும் நாமே, நம் பிள்ளைகளுக்கு மும்பையில் வீடு கிடைக்கவில்லை என்று வருந்துவது விந்தை.

2019 பெப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும், அதனை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கேட்கிறது. முன்பணமாக மூன்று மாத வாடகையை அளவாகக் காட்டுகிறது. இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொண்டால் ஒழிய அதற்கு மேல் கேட்கலாகாது. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை. காலி செய்விக்க வேண்டுமாயின் வாடகை நீதிமன்றமே வழி. பூட்டை மாற்றுவது வழியன்று.

ஒத்தியைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகையின்றி மூன்றாண்டு விடுவது நம் பக்கத்தில் பழகிய வழக்கம். வாங்கிய பணம் மகள் திருமணத்தில் கரைந்துவிடுகிறது. தவணை முடியும்போது திருப்பித் தரக் கையில் ஒன்றுமில்லை. அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் முந்தையவர் போக முடியும் என்ற நிலையில் சொந்த வீட்டுக்கே கடனாளியாகிறோம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. வெறும் முத்திரைத் தாளில் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் ஆபத்து. மாத வாடகைக்கு விடுவோரும் முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கட்டும்; அது நம் பணமன்று.

சாவி கொடுக்கும் நாளில் மின்மீட்டர் எண்ணையும், சுவர், கதவு, குழாய் ஆகியவற்றின் நிலையையும் இரண்டு தாள்களில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். புகைப்படமும் எடுத்துக்கொண்டால் இன்னும் நன்று.