இணங்காத கடன்காரரும் தவணைத் திட்டமும்

கெடா மாநிலத்தின் புதுக்கால வரலாறு ஒரு கடன் பத்திரத்தோடு தொடங்குகிறது என்று கூறின் மிகையாகாது. சுல்தான் அப்துல் ஹமீது ஆட்சியில் அரசாங்கச் செலவு வரவை மீறி ஏறிக்கொண்டே வந்தது. 1904-ஆம் ஆண்டில் அரச குடும்பத்துத் திருமணங்கள் மாதக்கணக்கில் நடைபெற்றன. கஜானா வறண்டது. பினாங்குச் சீன வணிகர்களும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் கொடுத்திருந்த கடன்கள் கழுத்தை நெரித்தன. இறுதியில், 1905-ல் சயாம் அரசாங்கத்திடம் நூற்றுக்கு ஆறு வட்டியில் 26 லட்சம் வெள்ளி கடனாகப் பெறப்பட்டது. ஓராண்டு வட்டியே 1,56,000 வெள்ளி. சயாம் இட்ட நிபந்தனை வட்டியோடு நிற்கவில்லை. நிதி ஆலோசகர் ஒருவரை ஏற்கவேண்டும், அரசாங்கச் சபை ஒன்று அமைக்கவேண்டும் என்றது. அந்த ஆண்டிலேயே இரண்டும் நடந்தேறின. 1909-ல் பாங்காக் ஒப்பந்தத்தின்படி கெடா ஆங்கிலேயரின் ஆதிக்கத்துக்குச் சென்றபோது, சயாமுக்குச் சேரவேண்டிய கடனும் மலாய்க் கூட்டரசின் தலையில் ஏறியது. நிதி ஆலோசகர் இருந்த இடத்தில் பிரிட்டிஷ் ஆலோசகர் வந்து அமர்ந்தார்.

இவ்வரலாற்றில் இன்றைய கடன்பட்டோருக்கு வேண்டிய ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. சுல்தானுக்குப் பல கடன்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் பொறுத்தால் இன்னொருவர் பொறுக்கமாட்டார். பெரிய பணப்பை உடைய ஒருவர் வந்து மற்றவர்களின் கணக்கைத் தீர்க்க முன்வந்ததனால் அந்தச் சிக்கல் அவிழ்ந்தது. அதற்கு ஈடாகச் சுயாட்சியில் ஒரு பங்கு போயிற்று. சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஒருவருக்குச் சயாம் இல்லை. “எல்லாக் கடனையும் நாங்களே அடைத்துவிடுகிறோம், எங்களுக்கு மட்டும் கட்டினால் போதும்” என்று விளம்பரம் செய்வோரும் சயாம் அல்லர். பெரும்பாலும் அவர்கள் புதிய கடன்காரர்கள். ஆகவே, சாதாரண மனிதர் ஒவ்வொரு கடன்காரரையும் தனித்தனியே இணங்கவைக்கவேண்டியிருக்கிறது. அவருள் ஒருவர் இணங்கவில்லை என்றால் என்ன செய்வது?

மேற்செல்லுமுன் ஒரு சொற்குறிப்பு. “கடன்காரன்” என்ற சொல் கடன் கொடுத்தவனையும் வாங்கியவனையும் ஒருங்கே குறிப்பது தமிழில் உள்ள விந்தைகளுள் ஒன்று. இக்கட்டுரையில் அது கொடுத்தவரையே குறிக்கும், வாங்கியவர் கடன்பட்டவர்.

பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டு ஏப்ரலில் கடன் ஆலோசனைக்கும் நிர்வகிப்புக்குமென ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. ஏ.கே.பி.கே. என்று மக்கள் வழங்கும் நிறுவனம் அதுவே. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. கடன்பட்டவரின் வரவையும் இன்றியமையாச் செலவையும் ஆலோசகர் எழுதிக் கணக்கிடுகிறார். மீதியாக நிற்கும் தொகைக்கு ஏற்ப, காலத்தை நீட்டியும் வட்டியைக் குறைக்கக் கேட்டும் வங்கிகளோடு பேசித் தவணைத் திட்டம் ஒன்றை வகுக்கிறார். வங்கிகள் பொதுவாக இதற்குச் செவிசாய்க்கின்றன. மத்திய வங்கியின் கண்காணிப்பில் அவை இருப்பது ஒரு காரணம். திவால் வழக்கில் கிடைப்பதைவிடத் தவணையில் கிடைப்பது கூடுதல் என்று அவை அறிந்திருப்பது மற்றொரு காரணம்.

ஆனால், இத்திட்டம் சம்மதத்தின்மேல் நிற்பது. சம்மதித்தவரை அது கட்டும், சம்மதியாதவரைக் கட்டாது. வட்டி முதலாளியும், உரிமமே இல்லாமல் கடன் கொடுக்கும் ஆலோங்கும், தவணைக்குப் பொருள் விற்ற கடைக்காரரும், சீட்டுப் பிடித்த அண்டைவீட்டாரும் அந்த மேசைக்கு வருவதில்லை. தோட்டப்புறத்திலிருந்து நகர்ப்புற அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தோரிடம் வங்கிக் கடனைவிட இவ்வகைக் கடனே அதிகத் தூக்கத்தைக் கெடுப்பது.

இதில் முதற்பிழை கடன்பட்டவரிடமே நிகழ்கிறது. ஆலோசகர் முன்னிலையில் அவர் வங்கிக் கடனை மட்டும் சொல்லி, வட்டி முதலாளியின் கடனை வெட்கத்தால் மறைத்துவிடுகிறார். அதனால் விளைவதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஒருவருக்கு மாத வரவு 2,600 வெள்ளி; இன்றியமையாச் செலவு 1,800; மீதி 800. வங்கிகளுக்குத் தரவேண்டியது 36,000. உரிமம் பெற்ற வட்டி முதலாளிக்கு 4,000. பின்னதை ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு வட்டியில் ஓராண்டில் அடைப்பதாயின் மொத்தம் 4,720. மாதத்துக்கு ஏறத்தாழ 393 வெள்ளி. இதை மறைத்து, 800-ல் 720-ஐ வங்கிகளுக்கு ஒப்புக்கொண்டு வருகிறார். மிஞ்சுவது 80. வட்டி முதலாளி 80 வெள்ளியை வாங்க மறுத்துக் குரல் உயர்த்துகிறார். மூன்றாம் மாதம் வங்கிக்குரிய பணம் அவரிடம் போகிறது. இணங்கி வந்த வங்கிகளின் திட்டம் முறிகிறது. இணங்காதவருக்கே பரிசு கிடைக்கிறது. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால், ஓராண்டுக்கு வங்கிகளுக்கு 400, வட்டி முதலாளிக்கு 400, அதன்பின் முழு 800-ம் வங்கிகளுக்கு என்று கேட்டிருக்கலாம். வங்கிகள் ஏற்குமா என்பது வேறு கேள்வி. கேட்பதற்காவது வழி இருந்திருக்கும்.

இணங்காதவரைச் சந்திக்கும்போது, அவர் சட்டத்துக்கு உட்பட்டவரா, புறம்பானவரா என்று பிரித்தறிவது முதல் வேலை. 1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டம் இதற்கு அளவுகோல் தருகிறது. உரிமம் வேண்டும், அதனை வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு வழங்குகிறது. ஈடு பெற்றுக் கொடுத்த கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 12-க்கு மேற்படக் கூடாது. ஈடில்லாக் கடனுக்கு 18-க்கு மேற்படக் கூடாது. ஒப்பந்தம் குறித்த படிவத்தில் இருக்கவேண்டும். ஈடில்லாக் கடனுக்கு ஜே அட்டவணை, ஈடுள்ளதற்குக் கே அட்டவணை. கையெழுத்திட்ட படி கடன்பட்டவரிடம் கொடுக்கப்படவேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்தும், அடையாள அட்டையின் நகலும் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்த கடன், நீதிமன்றப் படியேறும்போது தடுமாறும்.

பழைய செட்டியார் கிட்டங்கிகளில் வட்டி கடுமையாகவே இருந்தது. ஆயினும் பற்று வரவு எழுதாத ஒரு நாளை அவர்கள் அறியார்கள். கொடுத்த காசுக்குக் குறிப்பு இருந்தது. இக்காலத்து ஆலோங்கிடம் அதுவும் இல்லை. அவர் கணக்கைச் சற்று நோக்குவோம். ஆயிரம் வெள்ளி கேட்டவருக்கு முதல் வார வட்டி 100 பிடித்துக்கொண்டு 900 கையில் தரப்படுகிறது. வாரந்தோறும் 100. பத்து வாரத்தில் 1,000 வெள்ளி சென்றுவிடும். ஆனால் “முதல்” ஆயிரம் அப்படியே நிற்கும். சட்டம் அனுமதிக்கும் 18 விழுக்காட்டில் அதே பத்து வாரத்துக்கு வட்டி 35 வெள்ளியைத் தொடாது. ஐந்தாம் வகுப்பு மாணவர்க்குரிய இக்கணக்கைப் பெரியவர்கள் போட்டுப் பார்க்காததற்கு அறியாமை காரணமன்று. அந்த 900 வெள்ளி மருத்துவமனைக்கோ பள்ளித் திறப்புச் செலவுக்கோ அன்றிரவே தேவைப்பட்டிருக்கும்.

உரிமமின்றிக் கடன் கொடுப்பது குற்றம். இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அத்தகைய ஒப்பந்தத்தைக் கொண்டு நீதிமன்றத்தில் பணம் வசூலிக்க இயலாது. கடன்பட்டவரை மிரட்டுவதும் தனிக்குற்றம். இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை. கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட வீட்டாருக்கு ஏடு உடனே துணை வராது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆகவே போலீஸ் புகாரை முதல் மிரட்டலிலேயே செய்துவிடுதல் நன்று. வந்த தொலைபேசிச் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு செல்லவேண்டும். வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கடனுக்கு ஈடாகக் கொடுத்தவர்கள் பலர். சம்பளம் வந்த நாளே அது எடுக்கப்பட்டுவிடும். அட்டையை இரத்துச் செய்து வேறு அட்டை பெறுவதற்குக் கடன் கொடுத்தவரின் அனுமதி தேவையில்லை. வங்கிக்குப் போனால் போதும். அப்படிச் செய்தால் அவர் சினந்து வருவார் என்பதும் உண்மை. புகார் முன்னரே பதிவாகியிருக்கவேண்டும் என்பது இதனாற்றான்.

உரிமம் பெற்றவர் இணங்காதபோது வழி வேறு. அவரிடம் கணக்கு விவரத்தை எழுத்து மூலம் கேட்கலாம். பிறகு, வரவு, செலவு, மற்றக் கடன்கள், தரக்கூடிய தொகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கடிதமாக அனுப்பலாம். பதில் வராவிட்டாலும், மறுத்துப் பதில் வந்தாலும், சொன்ன தொகையைச் சொன்ன தேதியில் வங்கி வழியாகச் செலுத்திவரவேண்டும். ரொக்கமாகக் கொடுப்பதாயின் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்கலாகாது. கேட்ட தொகை கிடைக்காததனால் அவர் வழக்குத் தொடரலாம். அவ்வுரிமையைத் தவணைக் கடிதம் பறித்துவிடாது. ஆனால் வழக்குமன்றத்தில் அக்கடிதமும் பற்றுச்சீட்டுகளும் கடன்பட்டவருக்காகப் பேசும்.

வழக்கு என்றதும் தோட்டத்து மக்கள் கடிதத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ வந்த அந்தத் தாளைப் படித்துச் சொல்லும்படி தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் கொண்டுவருவோரும் உண்டு. பலர் காலம் கடந்தபின் கொண்டுவருகிறார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சம்மன் கையில் கிடைத்த 14 நாளுக்குள் ஆஜராவதாகத் தெரிவிக்கவேண்டும். தவறினால் எதிர்ப்பில்லாத தீர்ப்பு ஒருதலையாக எழுதப்பட்டுவிடும். அதிக வட்டி, படிவமில்லா ஒப்பந்தம் முதலிய நியாயங்கள் எழுப்பப்படாமலே போகும். தீர்ப்பு வந்தபின்னும் ஒரு வாயில் உண்டு. 1957-ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டத்தின்படி, தீர்ப்புக் கடனாளியை அழைத்து அவர் வரவையும் வசதியையும் விசாரித்து, தவணையில் கட்டும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். கடிதத்தில் கேட்டபோது கடன்காரர் மறுத்த தவணையை, சில வேளை நீதிமன்றத்தின் வாயிலாக அவரே பெற்றுக்கொள்ள நேர்கிறது.

“திவாலாக்கிவிடுவேன்” என்ற மிரட்டலையும் அளந்து பார்க்கவேண்டும். திவால் வழக்குக்குரிய குறைந்தபட்சக் கடன் 2017-ல் 30,000 வெள்ளியிலிருந்து 50,000 ஆகவும், பின்னர் 2021-ல் 1,00,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. நாலாயிரம் வெள்ளிக் கடனுக்காக ஒருவர் திவாலாக்கப்படுவதில்லை.

பெருங்கடன் உடையோருக்கு, 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் வேறொரு வழியையும் திறந்தது. திவாலாகுமுன் நீதிமன்றத்தில் இடைக்கால ஆணை பெற்றால் 90 நாளுக்கு வழக்குகள் நிறுத்திவைக்கப்படும். அதற்குள் கணக்காய்வாளர் அல்லது வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு கடன்காரர் கூட்டம் கூட்டப்படும். வந்து வாக்களிப்போரில் தலைக்கணக்கில் பெரும்பான்மையினரும், கடன்தொகையில் நான்கில் மூன்று பங்குக்கு உரியோரும் ஏற்றால், கூட்ட அறிவிப்புப் பெற்ற ஏனையோரையும் அத்திட்டம் கட்டும். ஒருவர் பிடிவாதம் பலரின் சம்மதத்தைக் கவிழ்க்காதபடி செய்யும் ஏற்பாடு இதுவே. ஆயினும் சொத்து ஈடு வைத்திருப்பவரை அவர் சம்மதமின்றி இது தொடாது. துணைக்கு அமர்த்தும் நிபுணருக்குக் கட்டணமும் உண்டு. கைக்கும் வாய்க்குமாக வாழ்வோருக்கு இது எட்டாக்கனி என்று சொல்லாமலிருப்பது நேர்மையாகாது.

மோட்டார் சைக்கிள், கார் தவணையில் வாங்கியோர்க்கு 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் உண்டு. இரண்டு தவணை அடுத்தடுத்துத் தவறிய பின்பே வண்டியைப் பறிக்கலாம். அதற்கும் 21 நாள் அறிவிப்பு முன்னே வரவேண்டும். விலையில் முக்காற்பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணையின்றிப் பறிக்கலாகாது.

கடன் வசூல் செய்வோரையும், வங்கியல்லாத பலவகைக் கடன் நிறுவனங்களையும் ஒழுங்குபடுத்த 2025-ல் நுகர்வோர் கடன் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மேசைக்கு வராதிருந்தோருள் சிலரையாவது அது சட்டத்தின் கண்ணுக்குள் கொண்டுவரும்.

இனிப் பிணையாளர். தோட்டத்தில் ஒருவர் கடனுக்கு இன்னொருவர் கையெழுத்திடுவது அன்பின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியரைத் தேடி வருவோர் இன்றும் உண்டு. கடன்பட்டவர் தவணைத் திட்டத்தில் சேர்ந்துவிட்டார் என்பதனால் பிணையாளர் விடுபட்டார் என்று எண்ணலாகாது; இணங்காத கடன்காரர் அடுத்தபடியாக அவர் வாசலுக்கே வருவார். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆதாயம் கருதாது கல்விக் கடனுக்கும், சொந்த வாகனத்துக்கும், குடியிருக்கும் வீட்டுக்கும் பிணை நின்றோரைத் திவாலாக்குவதைத் தடுத்திருக்கிறது. பணம் கேட்டு வழக்குத் தொடர்வதை அது தடுக்கவில்லை. ஆகையால் ஆலோசகரிடம் செல்லும் நாளில், கடன்காரர் பட்டியலோடு பிணையாளர் பெயர்களையும் எழுதிச் செல்லவேண்டும். அவர்களிடம் செய்தியைக் கடன்பட்டவரே முன்கூட்டிச் சொல்லிவிடுதல் வேண்டும்.