கூமாப்பட்டிக்கு ஏழு ஈயத் துண்டு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பைத் தாண்டினால் கூமாப்பட்டி. அந்தப் பெயரை ஒரு ஓலைச்சுவடியில் எழுதிப் பார்ப்போம். பழைய சுவடிகளில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். கால் போடும் ‘ா’வுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசமும் இருக்காது. ஆக, ‘கூமாபபடடி’ என்றும் வாசிக்கலாம், ‘கூமரபபடடி’ என்றும் வாசிக்கலாம். ஊர் தெரிந்தவருக்குத்தான் ஊர்ப் பெயர் புரியும்!

எழுத்தாணிக் கீறலுக்கு எங்கும் ஒரே தடிமன். ஆங்கில எழுத்தின் கதை வேறு. ரோமில் கி.பி. 113-ல் எழுப்பிய டிராஜன் தூணின் எழுத்துகளைப் பாருங்கள்: ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சின்னப் பாதம். அதுதான் ‘செரிஃப்’. கல்லில் வெட்டும் முன் தட்டைத் தூரிகையால் எழுதியதில் வந்த பழக்கம் அது என்றார் எழுத்துக்கலை ஆய்வாளர் எட்வர்ட் கேடிச். 1932-ல் லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்காக உருவான டைம்ஸ் நியூ ரோமனிலும் அதே பாதம், அதே தடிப்பு மெலிவு.

தமிழுக்கு அந்தத் தடிப்பும் மெலிவும் அச்சோடு வந்தவை. 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். 1713-ல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகளோ அளவில் பெரியவை, காகிதத்துக்குத் தட்டுப்பாடு. அங்கிருந்த மிஷனரி சீகன்பால்குவின் குழுவினர் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். ஓலைக்கென வளைந்த எழுத்தை உலோகத்தில் செதுக்கியவரின் உளி, ஓரிடத்தில் கனம் ஏற்றி இன்னோரிடத்தில் இளைக்க வைத்தது. நாம் ‘புத்தக எழுத்து’ என்று பழகியிருப்பது பெரும்பாலும் அந்த உளியின் கைவண்ணம்.

கம்பாசிட்டர் காலத்தில் கூமாப்பட்டியைக் கோக்க ஏழு துண்டு வேண்டும்: கூ, ம, கால், ப், ப, ட், டி. ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமணியும் கலந்த துண்டுகள். ‘மா’வுக்கு ம-வும் காலும் போதும். ணா, றா, னா மூன்றும் அப்படியில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணை வரும்வரை அவை தனித்தனி உருவம், தனித்தனி அச்சு. எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும் உகர, ஊகார வரிசைகள்தான் பெருந்தொல்லை. பதினெட்டு மெய்க்கும் கணக்குப் போட்டால் அவற்றுக்கு மட்டும் 36 அச்சு.

இன்று கணினியில் ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ என்றே ஒரு எழுத்துரு இருக்கிறது. அதில் முதலில் கண்ணில் படுவது பாதமல்ல, தடிப்பும் மெலிவும்தான். தமிழுக்கு அதைச் செரிஃப் என்று சொல்வது இரவல் பெயர் என்றே எனக்குப் படுகிறது. வட்டமாகச் சுழலும் எழுத்துக்குப் பாதம் எங்கே ஒட்டுவது?

உகர, ஊகார வரிசைகளை 1978 சீர்திருத்தம் தொடவில்லை. கூமாப்பட்டியின் ‘கூ’ இன்றும் பழைய கூதான்.