ஜூலை முதல் ஜூன் வரை

தமிழ்நாட்டில் கொஞ்சம் பெரிய ஊர் எதற்குள் நுழைந்தாலும், சாலையோர வரவேற்புப் பலகையில் ஒரு பல்சக்கரமோ, எதிரெதிர்த் திசை பார்க்கும் இரண்டு சிங்க முகங்களோ கண்ணில் படும். சக்கரம் ரோட்டரியின் சின்னம். 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கியது. சிங்கம் லயன்ஸ் சங்கத்தின் சின்னம். 1917-இல் அதே நகரில் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கியது. நம்மூரில் ஜவுளிக்கடைக்காரரும் டாக்டரும் ஆடிட்டரும் அச்சகம் நடத்துபவரும் ஒன்றாகக் கூடும் இடங்கள் இவை. இவர்களுக்கு ஆண்டு பிறப்பது ஜூலை 1. அன்று பொறுப்பேற்கும் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் அடுத்த ஜூன் 30-உடன் விலகிக்கொள்வார்கள்.

இந்த ஓராண்டு ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. யாரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது; ஒவ்வொரு வருடமும் ஒருவர் புது வேகத்தோடு வருகிறார். ஆனால் வருகிறவர் தன் பெயர் சொல்ல ஒரு திட்டம் வேண்டும் என்று நினைக்கும்போதுதான் சிக்கல். போன வருடம் நட்ட மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. பள்ளிக்குக் கொடுத்த குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு ஃபில்டர் மாற்ற யார் பணம் தருவது என்று தெரியாது. வருடத்தில் எத்தனை திட்டம் செய்தோம் என்று ஆண்டறிக்கையில் எண்ணுகிறார்கள். முன்னவர் தொடங்கியதில் எத்தனை இன்னும் நடக்கிறது என்பதையே முதலில் எழுத வேண்டும் என்பேன்.

தலைவர்கள் மாறியும் நிற்காமல் நடக்கும் வேலைக்கு நல்ல உதாரணம் இலவசக் கண் சிகிச்சை முகாம். பார்வையற்றோருக்காகப் பாடுபடுங்கள் என்று ஹெலன் கெல்லர் 1925-இல் லயன்ஸ் மாநாட்டில் வந்து கேட்டுக்கொண்டார். அது முதல் கண் அவர்களின் தனி அக்கறை ஆகிவிட்டது. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முகாம்களுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. மருத்துவர்கள், கருவிகள், அறுவை சிகிச்சை ஆகியவை மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, வருகிறவர்களை உட்கார வைத்து வரிசைப்படுத்துவது உள்ளூர் சங்கத்தின் பொறுப்பு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரசுப் பள்ளி ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். மரத்தடி மேசையில் பதிவுச் சீட்டு எழுதுகிறார்கள். அடுத்த வகுப்பறையில், எழுத்துத் தெரியாதவர்களுக்காகத் திசை மாறித் திரும்பி நிற்கும் ஆங்கில ‘E’ எழுத்துப் பலகை. கண்புரை முற்றியவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, சரியாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். சங்கத்து ஆட்களின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. “ஆட்டை யாருப்பா பாத்துக்குவா?” என்று பாட்டி பின்வாங்குவார். “பேத்தி கல்யாணம் முடியட்டுமே” என்பார் இன்னொருவர். பக்கத்தில் உட்கார்ந்து, “பாட்டி, ஆட்டுக்கு நான் ஆள் சொல்றேன், நீங்க ஏறுங்க” என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதை டாக்டர் செய்ய முடியாது. அந்த ஊரை அறிந்தவர்தான் செய்ய முடியும்.

அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்றால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை. பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி எல்லாம் குறுக்கே நிற்கும். அதனால்தான் அழைத்துப் போவதும் சாப்பாடு போடுவதும் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் சிகிச்சையின் பகுதியே ஆயின.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். உறுப்பினர் சந்தா சங்கத்தை நடத்தவே சரியாகிவிடும். எனவே மலர் வெளியிட்டு விளம்பரம் பிடிக்கிறார்கள், மாரத்தான் நடத்துகிறார்கள், ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். கடைவீதியில் இப்படிக் கை நீட்டுவது சின்ன விஷயமில்லை. சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் இன்னொருவர் கடை வாசலில் ஊருக்காக நிற்கிறார். கொடுப்பவர்கள் ரசீது கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விடாமல் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குப் போலியோவே சாட்சி. 1980-களின் தொடக்கத்தில், குறிப்பிட்ட நாட்களில் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) டாக்டர் டி. ஜேக்கப் ஜான் அந்த நகரில் செய்து காட்டினார். ரோட்டரி சங்கம் உடன் நின்றது. 1985-இல் உலக ரோட்டரி போலியோ ஒழிப்பைத் தன் பணியாக எடுத்துக்கொண்டது. 2009-இல்கூட இந்தியாவில் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 2011 ஜனவரி 13-இல் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததே இயற்கைப் போலியோ வைரஸின் கடைசிப் பாதிப்பு. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. 1985-க்கும் அந்த நாளுக்கும் இடையில் ஒவ்வொரு சங்கத்திலும் எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! வேலை மாறவில்லை. கொங்கு மண்டலத்தில் எரிவாயு தகன மேடைகளை ஆண்டுக்கணக்காகப் பராமரித்து வரும் சங்கங்களையும் இந்த வரிசையில் வைப்பேன். அங்கே கைதட்டல் கிடையாது, செலவு மட்டும் உண்டு.

வரப்போகும் தலைவர்களிடம் ஒரு கோரிக்கை. ரத்ததான முகாம்கள் சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று விசேஷ நாட்களில் குவிகின்றன. கல்லூரிகள் மூடிக்கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் ரத்த வங்கிகள் தவிக்கின்றன. சிவப்பணுக்கள் ஆறு வாரம்வரை தாங்கும். தட்டணுக்கள் 5 நாள்தான். ஆகஸ்டில் கொடுத்த ரத்தம் மே மாத நோயாளிக்கு உதவாது. உங்கள் ஆண்டும் மே மாதத்தில் களைத்துப்போய்த்தான் இருக்கும். அதனால் ஜூலையிலேயே மே முகாமுக்குத் தேதி குறித்துவிடுங்கள்.

வாசகர்களுக்கும் இதே கோரிக்கைதான். 18 முதல் 65 வயதுவரை, 45 கிலோவுக்குக் குறையாத, ஆரோக்கியமான எவரும் ரத்தம் தரலாம்; ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. உங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளரைப் பார்த்து மே மாத முகாமுக்கு இப்போதே பெயர் கொடுங்கள். அதற்கு உறுப்பினராக வேண்டியதில்லை.