வண்டியில் நான்காவது இடம்

தீயணைப்பு வண்டி ஒன்றில் எத்தனை பேர் செல்ல வேண்டும்? "எத்தனை பேர் உட்கார இடம் இருக்கிறதோ, அத்தனை பேர்" என்று நீங்கள் சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் விடை அவ்வளவு எளிதன்று.

தமிழ்நாட்டில் தீயணைப்பு என்பது மாநில அரசின் துறை. அமெரிக்காவிலோ அது பெரும்பாலும் அந்தந்த ஊரின் பொறுப்பு. வரி வருமானம் குறைந்த ஒரு சிறு நகரமும், வண்டியில் மூன்று பேரை ஏற்றுவதா, நான்கு பேரையா என்பதைத் தானே முடிவு செய்தாக வேண்டும். ஓர் ஆள்தானே வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். காகிதமும் பென்சிலும் எடுங்கள்.

ஆண்டுக்கு 365 × 24 = 8,760 மணி. வண்டியின் ஓர் இருக்கை இத்தனை மணி நேரமும் நிரம்பியிருக்க வேண்டும். அங்கே பல ஊர்களில் வீரர்கள் 24 மணி நேரம் நிலையத்திலேயே இருந்துவிட்டு, அடுத்த 48 மணி நேரம் ஓய்வெடுக்கிறார்கள். சராசரியாக வாரத்திற்கு 56 மணி; ஆண்டுக்கு 2,912 மணி. விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றில் 512 மணி கழிந்ததாக வைத்துக்கொண்டால் மீதி 2,400. இதனால் 8,760-ஐ வகுத்தால் 3.65 வருகிறது. ஓர் இருக்கையை நிரப்பக் கிட்டத்தட்ட நான்கு சம்பளம்! ஊரில் இரண்டு வண்டிகள் இருந்தால், வண்டிக்கு மூவர் என்றால் 22 பேர் வேண்டும். நால்வர் என்றால் 30 பேர். நகர மன்றம் தயங்குவதில் வியப்பில்லை.

சரி, அந்த நான்காவது ஆள் என்ன செய்கிறார்? வண்டி எரியும் வீட்டின் முன் வந்து நிற்கிறது. ஒருவர் பம்பை இயக்க வேண்டும். அவர் அதை விட்டு நகர முடியாது. அமெரிக்க வண்டிகள் பலவற்றின் தொட்டியில் ஏறக்குறைய 1,900 லிட்டர் நீர் இருக்கும். ஹோஸ் குழாய் நிமிடத்திற்கு 570 லிட்டர் பீய்ச்சினால் தொட்டி மூன்றேகால் நிமிடத்தில் காலி. அதற்குள் தெருவிலுள்ள நீர்க்குழாயோடு வண்டியை இணைத்தாக வேண்டும். இதற்கிடையில் தண்ணீர் நிறைந்து விறைத்த ஹோஸை வளைவுகளில் இழுத்துச் செல்வது தனி ஆளால் ஆகிற காரியமா?

இன்னொரு தடையும் உண்டு. 1998-ல் அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு அமைப்பு ஒரு விதியைக் கொண்டுவந்தது: எரியும் கட்டடத்திற்குள் இருவர் சேர்ந்தே நுழைய வேண்டும், அவர்களுக்கு ஆபத்து நேர்ந்தால் மீட்பதற்கு வெளியே இருவர் இருக்க வேண்டும். உள்ளே ஓர் உயிர் சிக்கியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. இந்த விதி செல்லும் இடங்களில் மூவராக வந்தவர்கள், அடுத்த வண்டி வரும் வரை வாசலில் காத்திருக்க நேரும்.

தீ காத்திருக்காது. வளரும் தீயின் வெப்ப ஆற்றல் நேரத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகுவதாகப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். வேகமான தீ என்று அவர்கள் வகைப்படுத்துவது, 150 நொடியில் சுமார் 1,000 கிலோவாட்டை எட்டும். காற்றும் எரிபொருளும் கிடைத்தால் 300 நொடியில் 2,000 அல்ல, 4,000 கிலோவாட்!

இதையெல்லாம் அளந்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் சுமார் 2,000 சதுர அடி கொண்ட இரண்டு அடுக்கு வீட்டை மாதிரியாக வைத்து 60-க்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தியது. முடிவுகள் 2010-ல் வெளியாயின. வண்டிக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை மாற்றி மாற்றி அனுப்பி, 22 வேலைகளுக்கு ஆன நேரத்தைக் குறித்தார்கள். எல்லா வேலைகளையும் முடிப்பதில் நால்வர் குழு, இருவர் குழுவைவிட 30 சதவீதமும், மூவர் குழுவைவிட 25 சதவீதமும் வேகமாக இருந்தது.

"ஆட்களை ஒரே இடத்தில் குவிப்பதைவிட, நிலையங்களைக் கூட்டினால் சீக்கிரம் போய்ச் சேரலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். 6 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரமான ஊரைக் கற்பனை செய்யுங்கள்; தெருக்கள் கட்டம் கட்டமாக உள்ளன. நடுவில் ஒரே நிலையம் என்றால் சராசரிப் பயணம் 3 கிலோமீட்டர். ஊரை இரு பாதிகளாக்கி இரண்டு நிலையங்கள் வைத்தால் 2.25 கிலோமீட்டர். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் மிச்சமாவது 68 நொடி. தூரம் பாதியாகக் குறைய வேண்டுமானால் நான்கு நிலையங்கள் தேவை! நியூயார்க் நகரின் தீயணைப்புப் பணியை ஆராய்ந்த பீட்டர் கோலசார், எட்வர்ட் பிளம் ஆகியோர் 1973-ல் இதை வர்க்கமூல விதியாக எழுதிக் காட்டினர். நால்வரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து அந்த 68 நொடியைச் சம்பாதிப்பது எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. சீக்கிரம் வந்து சேர்ந்த இருவர், மற்ற இருவருக்காக வாசலில் நிற்கத்தானே போகிறார்கள்?

இரவில் ஆட்குறைப்புச் செய்யலாம் என்பது அடிக்கடி எழும் மற்றொரு யோசனை. அழைப்புப் பதிவேட்டைப் பார்த்தால் அது சரியென்றே படும். நள்ளிரவுக்குப் பின் அழைப்புகள் வெகு குறைவு. மொத்த அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ உதவிக்கானவை, தீ விபத்துகள் 20-ல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அமெரிக்க வீடுகளில் நேரும் தீ விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்கே இரவு 11 முதல் காலை 7 வரை நிகழ்கிறது. தீயில் இறப்பவர்களிலோ ஏறக்குறைய பாதிப்பேர் அந்த நேரத்தில்தான் இறக்கிறார்கள். உறங்குபவருக்குப் புகை வாசனை எட்டுவதில்லை.

எனவே பல சிற்றூர்கள் ஒரு கலப்பு ஏற்பாட்டை நாடுகின்றன. பகலில் ஊரின் தொண்டர்கள் வேலைக்காக வெளியூர் போய்விடுவதால் சம்பளக்காரர்கள் நிலையத்தில் இருக்கிறார்கள்; இரவில் தொண்டர்கள் வீட்டிலிருந்து எழுந்து ஓடிவருகிறார்கள். பக்கத்து ஊரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மணி அடித்ததும் இரண்டு ஊர் வண்டிகளும் ஒன்றாகப் புறப்படும் வழக்கமும் உண்டு. செலவு குறைகிறது. ஆனால் தொண்டர் கண்விழித்து, உடை மாற்றி, நிலையத்தை அடையும் அந்தச் சில நிமிடங்களை மேலே சொன்ன 150 நொடியோடு ஒப்பிட்டுத்தான் ஒவ்வோர் ஊரும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.