பாறை நிலமும் கழிப்பறையும்

புதுக்கோட்டைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே உள்ள நார்த்தாமலை, 9ஆம் நூற்றாண்டில் எழுந்த விசயாலய சோழீச்சரத்தால் புகழ்பெற்ற ஊராகும். அங்குள்ள மேலமலையின் சுனை ஒன்றில் நீருக்கடியில் சிவலிங்கம் உண்டு என்பதையும், 1857இல் நீரை இறைத்துவிட்டுத் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மரபின் அரசி அதனை வழிபட்டார் என்பதையும் கல்வெட்டு தெரிவிக்கிறது. மழைநீரைக் கசியவிடாமல் தேக்கி வைக்கும் கருங்கல்லின் இயல்பே இத்தகைய சுனைகளுக்குக் காரணம். அதே இயல்புதான் இந்நிலப்பகுதியில் கழிப்பறை அமைப்பதைக் கடினமாக்குகிறது.

இன்று ஐம்பது வயதைக் கடந்த கிராமத்தவர் பலருடைய இளமையில் கழிப்பறை என்பது கண்மாய்க் கரையும் கருவேலங்காடுமே ஆகும். சிறு பிள்ளைகள் தெருவோரத்தில் அமர, ஆண்கள் கண்மாய்த் தண்ணீரிலேயே கால் கழுவித் திரும்ப, பெண்களோ விடியுமுன் அல்லது இருட்டிய பின் துணை சேர்த்துக்கொண்டு செல்ல வேண்டியிருந்தது. பகலில் ஒதுங்க இடமின்றித் தண்ணீர் குடிப்பதையே அவர்கள் குறைத்துக்கொண்டனர் என்பதும், மழைக்காலத்தில் பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சி நடந்தனர் என்பதும் அந்த நினைவுகளில் தவறாமல் இடம்பெறுபவை. குடிநீருக்கான ஊருணியைக் கிராமங்கள் கட்டுப்பாட்டுடன் காத்தபோதிலும், வெளியில் கிடந்த மலத்தை மழை அடித்துச் சென்று நீர்நிலைகளில் சேர்த்ததால் வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் குழந்தைகளைத் தொடர்ந்து வாட்டின.

நகரங்களில் இருந்த எடுப்புக் கக்கூஸ், அதாவது மலத்தை மனிதர் கையால் அள்ளிச் செல்லும் உலர்கழிப்பறை, ஒரு சில சாதியினர் மீது சுமத்தப்பட்ட கொடுமையாக நீடித்தது. அதனைத் தடைசெய்யும் சட்டம் 1993இலும், மேலும் விரிவான சட்டம் 2013இலும் இயற்றப்பட்டன.

கிராமங்களுக்கு ஏற்ற மாற்றாகப் பரவியது இரட்டைக் குழிக் கழிப்பறை ஆகும். பீங்கானுக்குக் கீழுள்ள வளைவுக் குழாயில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று நாற்றத்தையும் ஈயையும் தடுப்பதால் அது நீரடைப்பு எனப்படுகிறது. செங்குத்தாகச் சரியும் பீங்கான் பொருத்தினால், ஏறத்தாழ 2 லிட்டர் நீரே மலத்தைத் தள்ளிவிடப் போதுமானது. ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்கு மாறி, முதற்குழியை இரண்டு ஆண்டுகள் மூடி வைத்தால், நீர் மண்ணில் கசிந்து எஞ்சியது எருவாகிவிடும். எனினும், தெருக்குழாயிலும் அடிகுழாயிலும் குடம் சுமந்த குடும்பங்களுக்கு அந்த 2 லிட்டரும் எளிதாக இருக்கவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகக் கிராமப்புற வீடுகளில் 23 விழுக்காட்டுக்கே கழிப்பறை இருந்தது. 2014இல் தூய்மை இந்தியா இயக்கமும், 2019இல் வீடுதோறும் குழாய் இணைப்பு தரும் ஜல் ஜீவன் திட்டமும் தொடங்கிய பின்னர் நிலைமை பெரிதும் மாறியது.

ஆயினும், பாறை தரைமட்டத்துக்கு அருகிலேயே இருக்கும் இடத்தில் குழியைத் தோண்டுவதே அரிது; தோண்டினாலும் நீர் கசியாமல் நிரம்பும், அல்லது பாறை வெடிப்பு வழியே வடிகட்டப்படாமல் கிணற்றை அடையும். இதற்கு விடை புதுக்கோட்டையின் அண்டை மாவட்டத்திலேயே உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில் அமைக்கப்பட்ட சூழல்சார் கழிப்பறைகளில், தரைக்கு மேலே கட்டப்பட்ட இரு அறைகளில் மலம் மட்டும் விழ, சிறுநீரும் கழுவுநீரும் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவப்படுவதால் மலம் உலர்ந்து எருவாகிறது.

கழிப்பறை கட்டுவோர் முதலில் மண்ணின் ஆழத்தையும் கிணற்றின் தொலைவையும் பார்க்க வேண்டும். பாறை நிலத்துக்கு வேறு வடிவத்தைக் கேட்டுப் பெறவும், கழிவுநீரை ஓடையிலும் கண்மாயிலும் விடாதிருக்கவும் உறுதி கொள்ள வேண்டும். முந்தைய தலைமுறைப் பெண்கள் அடக்கிக்கொண்டு பட்ட துன்பம் அடுத்த தலைமுறையைத் தொடராதிருக்க, கட்டிய கழிப்பறை பயன்படக்கூடியதாக இருப்பது இன்றியமையாதது.