மர வீட்டுக்கு மண் பூச்சு

ஹாரோ, வெம்ப்ளி பக்கம் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமா வீடுகள் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் அவை 1920, 30களில் கட்டிய செங்கல் வீடுகள். சட்டம் சும்மா அழகுக்கு. நிஜமான பழைய மரச்சட்ட வீடு லண்டனில் அபூர்வம். 1666 பெருந்தீக்குப் பிறகு, நகரத்துக்குள் புது வீடுகளின் வெளிச்சுவர் செங்கல் அல்லது கல்லில்தான் இருக்கணும் என்று 1667இல் சட்டமே வந்தது. எட்டாம் ஹென்றிக்காக 1543இல் கட்டிய வேட்டை மாளிகை சிங்ஃபோர்டில் இன்னும் நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்க.

இப்படிப்பட்ட வீடுகளில் பாரம் தாங்குவது ஓக் மரச்சட்டம். சட்டங்களுக்கு நடுவில் குச்சி நட்டு, ஹேசல் கிளைகளைப் பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணியும் மிதித்து இரண்டு பக்கமும் அப்புவார்கள். மேலே சுண்ணாம்பு. ஊரில் வரிச்சுக் கட்டி மண் வைத்த வீட்டைப் பார்த்த அம்மம்மாவுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அந்த மாதிரி வீட்டை வாங்கிவிட்டு, "குளிருது, ஈரமா இருக்கு" என்று பில்டரைக் கூப்பிட்டால், பலர் முதலில் சொல்வது சிமெண்ட் பூச்சு. அதுதான் ஆபத்து. மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும், சிமெண்ட் வளையாது. ஓரத்தில் வெடிப்பு விழும், மழைநீர் உள்ளே போகும், ஆனால் வெளியே காய வழியில்லை. வெளியே சுவர் பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே உத்திரம் உளுத்துப்போகும். பிளாஸ்டிக் ஃபோம் தகடு உள்பக்கம் அடித்தாலும் இதே கதைதான்.

களிமண் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிவைத்து, பிறகு விட்டுவிடும். சோறு வடிக்கிற, துணியை ரேடியேட்டரில் காயப்போடுகிற நம்ம வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை. அதற்காக எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திடாதீங்க! மண் மட்டும் குளிரையும் பெரிதாகத் தடுக்காது. உள்பக்கம் மரநார்ப் பலகை அல்லது சுண்ணாம்பில் குழைத்த ஹெம்ப் வைத்து, அதன்மேல் களிமண் பூசலாம். வெளியே சுண்ணாம்புச் சாந்து.

பழைய வீடு லிஸ்டட் என்றால் முதலில் கவுன்சில் அனுமதி வாங்கணும். அனுமதியில்லாமல் மாற்றுவது கிரிமினல் குற்றம். பனி உறையும் மாதங்களில் வெளிப்பூச்சு வேண்டாம். மண் காய வாரக்கணக்கில் ஆகும்.

மண் மிதிக்கப் பிள்ளைகளை விடலாம், குஷியாகிடுவாங்க. சுண்ணாம்புப் பக்கம் மட்டும் விடாதீங்க. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.